போத்தலா, பழஞ்சீலையா, பனையோலையா?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வரும் தவணை விடுமுறையில் நான்கு சனிக்கிழமைகளைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. ஆறு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட முப்பது பிள்ளைகளாவது வருவார்கள். கழிவுப் பொருட்களை வைத்து எல்லோருமாகச் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும், அதன் வழியே சூழலைப் பேணும் பழக்கம் அவர்களிடம் வர வேண்டும் என்பதில் நிர்வாகசபையில் இரண்டு கருத்து இல்லை. எதைச் செய்வது என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். பிளாஸ்ரிக் போத்தல் என்றார் ஒருவர். போத்தலுக்குள் பொலித்தீனை அடைத்துக் கல் மாதிரி ஆக்கலாம் என்றார் இன்னொருவர். பழைய பேப்பர் போதும் என்றது ஒரு குரல். நான் பழஞ்சீலை என்றேன். பனையோலை இருக்க வேறு என்னத்துக்கு என்று கேட்டார் மூத்த உறுப்பினர் ஒருவர். இரண்டு கூட்டம் பேசிய பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இதேபோல ஒழுங்கு செய்ய நினைக்கும் வாசிகசாலைக்காரருக்கும் முன்பள்ளி ரீச்சர்மாருக்கும் அறநெறிப் பாடசாலை நடத்துவோருக்கும் உதவும் என்பதால், எதை ஏன் எடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்பதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. சில வருடங்களுக்கு முன்னர் நான் படிப்பித்த இடத்தில் கழிவுப் பொருள் கைப்பணிக் கண்காட்சி ஒன்று வைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து யோகட் கப்பும் இரண்டு போத்தலும் கொண்டுவர வேண்டும் என்று கொப்பியில் எழுதி அனுப்பினோம். மறுநாள் காலை ஒரு தாய் வாசலில் வைத்துச் சொன்னார்: "எங்கட வீட்டில யோகட் வாங்கிறதில்லை ரீச்சர். நேற்றுப் பின்னேரம் அஞ்சு வாங்கி, ராவோட ராவா பிள்ளையளுக்குக் குடுத்து முடிச்சனாங்கள்." இன்னொரு பிள்ளை ஐஸ்கிறீம் குச்சியைப் புதுப் பைக்கற்றோடு கொண்டுவந்திருந்தது. கண்காட்சி அழகாகத்தான் இருந்தது. வந்தவர்கள் படமெடுத்தார்கள், பரிசு கொடுத்தோம். அடுத்த கிழமை கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கில் அத்தனையையும் போட்டுக் கொளுத்தினார்கள். மினுக்கம் ஒட்டிய போத்தல்கள் சுருண்டு, கறுத்த புகை மதிலுக்கு மேலால் வந்தது. வரிசையில் நின்ற சின்னன் ஒன்று என் சேலையைப் பிடித்து இழுத்து, "ரீச்சர், அது நாங்கள் செய்ததெல்லோ எரியுது?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அந்தக் கேள்வியோடுதான் நான் இதையெல்லாம் யோசிக்கிறேன்.

அதனால் எந்தக் கைப்பணியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பொருள் வீட்டில் உண்மையிலேயே கழிந்து கிடக்கிறதா என்பதைத்தான். இதற்காகவே வாங்கினால் அது கழிவு இல்லை. அடுத்தது, செய்து முடித்த சாமானை ஒரு மாதம் கழித்து எங்கே தேடலாம் என்பது. சமையலறையிலா, கிடங்கிலா? அப்புறம், வேலையைச் செய்தது பிள்ளையின் கையா, இரவு பதினொரு மணிக்கு விழித்திருந்த அம்மாவின் கையா என்பதும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டாவது கேள்விக்கு மற்ற ஊர்களை விடக் கனம் கூட. எங்களுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிக் கிணற்றுக்கு வருகிறது. மண் படை மெல்லியது. மேலே கொட்டுவதை அது வடித்துத் தரும் என்று நம்பி இருக்க முடியாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தை வலிகாமத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வளவில் எரித்த பிளாஸ்ரிக்கின் சாம்பலும் அதே வளவின் மண்ணில்தான் கிடக்கிறது, அடுத்த மழையில் நனைகிறது. நகரத்துக் குப்பை கல்லுண்டாய்க்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் புகை யார் வீட்டுக்குப் போகும் என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது.

சரி, போத்தலுக்கு வருவோம். போத்தல் வேண்டும் என்று சொன்னவரின் நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. எல்லா வீட்டிலும் கிடைக்கிறது, காசில்லை, வண்ணம் பூசினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, ஒரே காலையில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தை அவர் யோசித்திருக்கவில்லை. கழுவிக் காயவைத்த வெறும் போத்தலுக்கு இன்னும் ஒரு பிறப்பு இருக்கிறது. குளிர்பானப் போத்தலின் அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணக் குறிக்குள் 1 என்று இருக்கும். அந்த வகைப் பிளாஸ்ரிக்கை உருக்கி மறுபடி நூலாகவோ வேறு பொருளாகவோ ஆக்கலாம். அதன் மேல் பெயின்ற் பூசி, பசை தடவி, மினுக்கத்தூள் ஒட்டியவுடன் அந்த வழி அடைபட்டுப் போகிறது. பிறகு அதை எடுப்பதற்கு யாரும் இல்லை. மினுக்கத்தூள் தானே பிளாஸ்ரிக் துகள்தான். கழுவிய தண்ணீரோடு அது மண்ணுக்குப் போனால் பொறுக்கி எடுக்க முடியாது. சூழலைப் படிப்பிக்க வந்த இடத்தில், திரும்பப் பயன்படக்கூடிய ஒன்றைப் பிள்ளையின் கையாலேயே குப்பையாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போத்தலைக் குறுக்கே வெட்டிப் பூச்சாடி ஆக்கலாமே என்று கேட்டார்கள். ஆக்கலாம், அடியில் துளை போட வேண்டும். துளை போடாத சாடி மாரியில் நுளம்புத் தொட்டியாகிவிடும். டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டை தண்ணீர் போதும். முட்டை நுளம்பாகிப் பறக்க ஒன்றரைக் கிழமை வரைதான் எடுக்கும். கார்த்திகை, மார்கழி மழையோடு இங்கே டெங்கு கூடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். முப்பது பிள்ளைகளின் வீட்டில் முப்பது சாடி தொங்கினால், எத்தனை துளை அடைபடும் என்று யார் போய்ப் பார்ப்பது? வெட்டிய விளிம்பு வேறு சின்ன விரல்களைக் கிழிக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலையை விட முடியாது. விட முடியாவிட்டால் பெரியவர்கள்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெயின்ற் மட்டும் பூசும்.

யோகட் கப், ஸ்ரோ, பிளாஸ்ரிக் கரண்டிப் பூ வகையறாக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் ஸ்ரோவும் பிளாஸ்ரிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, தட்டு, கோப்பையும் தடை. யோகட் கப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதோடு வந்த கரண்டிக்குத் தடை. (இதைப் பிள்ளைகளிடம் சொன்னால், அப்போ எதால சாப்பிடுறது என்று உடனே கேட்பார்கள். அங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.) கரண்டிப் பூ செய்யக் காட்டும் பழைய வீடியோக்களைப் பார்த்துப் பொருள் தேட வெளிக்கிட்டால், தடைசெய்த சாமானைத் தேடி அலைவோம்.

போத்தலுக்குள் பொலித்தீன் அடைப்பது வேறு மாதிரி. பிஸ்கட் உறை, பால்மாப் பைக்கற், சொப்பிங் பை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, நறுக்கி, தடியால் இடித்து இடித்து அடைக்க வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு மில்லிலீற்றருக்கு 0.33 கிராம். அதாவது ஒன்றரை லீற்றர்ப் போத்தல் குறைந்தது அரைக் கிலோ நிறுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அமுக்கினால் நெளியும், கட்டுவதற்கு உதவாது. ஒரு பிஸ்கட் உறை சில கிராம்தான் வரும். அப்படியென்றால் ஒரு போத்தலுக்கு நூற்றுக்கு மேல் உறை வேண்டும். முப்பது பிள்ளைகள் ஆளுக்கொன்று செய்ய வெளிக்கிட்டால் உறைக்காகவே பிஸ்கட் வாங்கும் கதை மறுபடி ஆரம்பிக்கும். செய்த கற்களை வைத்து எதைக் கட்டுவது என்பதும் தெரியவில்லை. வெயில் பட்டால் போத்தல் நொறுங்கும், மேலே பூசி மூட வேண்டும், நெருப்புப் பட்டால் இன்னும் மோசம். ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. தன் வீடு ஒரு கிழமைக்கு எவ்வளவு கழிக்கிறது என்பதைப் பிள்ளை கண்ணால் காணும், கையால் தூக்கிப் பார்க்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம். ஆளுக்கொரு போத்தல் இல்லை, எல்லோருக்குமாக ஒரே ஒரு போத்தல்.

பேப்பர் சுலபம். பழைய பத்திரிகை கிடைக்காத வீடு இங்கே குறைவு, கிழித்தால் காயம் வராது, எறிந்தால் உக்கும். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டி படாமல் காய்ச்சினால் பசை தயார், கடையில் போத்தல் கம் வாங்கத் தேவையில்லை. சட்டியைக் கவிழ்த்து எண்ணெய் தடவி, பேப்பர்க் கீலங்களைப் படை படையாக ஒட்டி, காய்ந்ததும் கழற்றினால் பென்சில் போட்டு வைக்க ஒரு கிண்ணம். எங்கள் வெயிலுக்கு ஒரு நாளில் காய்ந்துவிடும். மாரியில் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும். குறை என்னவென்றால் சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும், பெரிய பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும். அதனால் சின்னவர்களைக் கடதாசிப் பை ஒட்ட விடலாம் என்று நினைக்கிறோம். கோயில் திருவிழாவில் கச்சான் சரையை வாங்கிக் கையில் பிடித்த பழக்கத்தில், சாப்பாட்டுச் சாமானுக்கே கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பத்திரிகை மை உணவில் படக்கூடாது என்பதால் அதை வேண்டாம் என்றோம். ஆணி, கொளுக்கி நிறுத்துக் கொடுக்கும் இரும்புக்கடைக்குக் கொடுத்தால் யாருக்கும் தீங்கில்லை. பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

இனிப் பழஞ்சீலை. இதைச் சொன்னது நான் என்பதால் என் பக்கச் சாய்வு தெரியத்தான் போகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்களுக்கு யாரும் மீள்பயன்பாடு என்று வகுப்பு எடுக்கவில்லை. யாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அளந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரி கோர்த்து அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டோம். ஆனால் அந்த விளக்கு ஒரு வீட்டிலும் கிடங்குக்குப் போகவில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு இரவும் தேவைப்பட்டது. பிள்ளைகள் செய்வதும் வீட்டுக்குத் தேவைப்படும் சாமானாக இருக்க வேண்டும். இன்றைக்கு யாழ்ப்பாணத்து வீடு ஒன்றில் ஒவ்வொரு நாளும் தேவைப்படுவதும், ஒவ்வொரு நாளும் குப்பையாவதும் ஒன்றேதான்: சாமான் கொண்டுவரும் பை.

துணிப் பையை இரண்டு விதமாகச் செய்யலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி நூல். ஐந்தரை மீற்றர் நூற்சேலை ஒன்றில் கைபிடியும் சேர்த்து எட்டுப் பை வரை வெட்டலாம். கரைப்பகுதி தடிப்பானது, அதைக் கைபிடிக்கு ஒதுக்க வேண்டும். நெருக்கமாக நூல் ஓட்டித் தைத்து, அடியில் மட்டும் இரண்டாம் முறை திரும்பி வந்தால் போதும். தையல் மெஷின் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். மெஷின் வந்தால் ஒருவர் தைப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சின்னவர்களுக்குத் தையலே இல்லாத பை. பழைய ரீசேட்டின் இரண்டு கையையும் வெட்டி, கழுத்தை ஆழமாக வெட்டினால் பையின் வாயும் பிடியும் வந்துவிடும். கீழ் விளிம்பை நான்கு அங்குல நீளத்துக்கு விரல் அகலக் கீலங்களாக வெட்டி, முன்பக்கத்துக் கீலத்தையும் பின்பக்கத்துக் கீலத்தையும் சேர்த்து இரட்டை முடிச்சு. இப்படி ஒரு வரிசை முடிச்சோடு விட்டால் இடையில் ஓட்டை இருக்கும், உள்ளி விழுந்துவிடும். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் ஒரு நுனியை எடுத்துப் பக்கத்து முடிச்சின் நுனியோடு மறுபடி முடிய வேண்டும். போன மாதம் எட்டு வயதுப் பேத்தியை வைத்துச் செய்து பார்த்தேன். வெட்டியது நான், முடிந்தது முழுக்க அவள். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. நடுவில் ஒருமுறை முடிச்சுப் பிழைத்து, பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிச் சந்தைக்கு அந்தப் பையைத் தானே தூக்கிவந்தாள். இரண்டு கிலோ உருளைக்கிழங்கும் ஒரு கிலோ கத்தரிக்காயும் போட்டதும் பை முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. நின்று குனிந்து பார்த்துவிட்டு, "அம்மம்மா, இழுபடுது, ஆனா அறேல்லை" என்றாள். மரக்கறிக்காரர் சொப்பிங் பையை எடுக்கக் கை நீட்டியபோது, நான் சொல்வதற்கு முன்னரே அவள் பையை விரித்துப் பிடித்தாள். நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லிக் கொடுத்தும் வராதது அது.

கூட்டு வேலைக்கும் துணிதான் தோது. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் அளப்பார், இருவர் இழுத்துப் பிடிப்பார்கள், ஒருவர் வெட்டுவார், சின்னவர் முடிச்சுப் போடுவார். போத்தல் வேலையில் ஒவ்வொருவரும் தன் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னுடையதுதான் வடிவு என்று சண்டை போடுவார்கள். துணியில் இல்லாதது வண்ணக் கவர்ச்சி மட்டும். அதையும் வெட்டுத்துண்டுகளில் பூ, மீன் வெட்டி மேலே வைத்துத் தைத்தால் சமாளிக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: வழுவழுப்பான நைலெக்ஸ் சீலைகளும் ஒருவகைப் பிளாஸ்ரிக்தான், தைக்கும்போது வழுக்கும், ஓரம் நூல் நூலாகப் பிரியும். வீடுகளில் பருத்திச் சீலையாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

பனையோலையைத்தான் நான் முதலில் எதிர்த்தேன். அது கழிவு இல்லையே என்பது என் வாதம். காய்ந்து தானாக விழுந்த காவோலை நொறுங்கும், அதில் பெட்டி இழைக்க முடியாது. இழைப்பதற்கு வெட்டிக் காயவைத்த இளம் சார்வோலை வேண்டும். ஆகவே மரத்தில் நிற்பதை வெட்டி எடுத்துவிட்டு மீள்பயன்பாடு என்று சொல்வது பிள்ளைகளுக்குப் பொய் சொன்னதாகிவிடும் என்றேன். மூத்தவர் கோபப்படவில்லை. "பிள்ளை, கழிவை என்ன செய்யிறது எண்டு கேக்க முதல், கழிவே வராத சாமான் என்னெண்டு காட்டு" என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. 2023 தடைப் பட்டியலில் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது. ஈர்க்கில் பின்னிய தட்டையும் நீத்துப்பெட்டியையும் கைவிட்டுத்தானே அதை வாங்கினோம். மூத்தவரின் வீட்டு அடுப்படியில் கடகம், சுளகு, நீத்துப்பெட்டி மூன்றும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அறுந்தால் அடுப்புக்குள் போகும், சாம்பல் மாமரத்தடிக்குப் போகும். இதைப் பார்க்காத பிள்ளைக்கு மீள்பயன்பாடு மட்டும் தெரிந்திருந்தால், பிளாஸ்ரிக் இல்லாமல் ஒரு வீடு நடக்கும் என்பதே அதற்குத் தெரியாமல் போகும்.

ஆனாலும் ஓலையை முதன்மையாக வைக்க முடியாது. பெட்டி இழைக்க ஒரு காலையில் பழக முடியாது. கை பழகக் கிழமைகள் வேண்டும், பழக்குபவர்களும் ஊரில் இரண்டு பேர்தான் மிச்சம். சின்னக் கைகளுக்குக் காற்றாடியும் கிலுக்கியும் வரும், பதின்மூன்று வயதுக்காரர் விசிறி வரை போகலாம். சொல்லித்தர அந்த மூத்தவரின் அக்கா வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். எழுபது தாண்டிய ஆச்சி, முழங்கால் வலி, ஓட்டோவில்தான் கூட்டி வர வேண்டும். அது ஒன்றுதான் இந்த நான்கு நாளிலும் நாங்கள் காசு செலவழிக்கப்போகும் பெரிய விஷயம்.

பட்டம் கட்டலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். தைப்பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று வைத்தோம். இப்போது காற்றும் இல்லை, பட்டத்துக்கு ஒட்டுவதும் பொலித்தீனாகத்தான் இருக்கிறது.

ஆக, முடிவு இப்படி. முதற் சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கிழமையில் வீட்டில் சேர்ந்த உறைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். பாய் விரித்துக் கொட்டி, வகை பிரித்து, அந்த ஒரே போத்தலை அடைத்து நிறுத்துப் பார்ப்போம். அடைபடாமல் மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் பிள்ளைகளே சுவரில் எழுதட்டும். இரண்டாம், மூன்றாம் சனிக்கிழமைகள் முழுக்கத் துணி, சின்னவர்களுக்கு இடையிடையே கடதாசிப் பை. நான்காவது சனிக்கிழமை ஓலை. வெறும் போத்தல்கள் வந்தால் வேறாகச் சேர்த்து, பெயின்ற் படாமல், பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுப்போம். பரிசு இல்லை, கண்காட்சி இல்லை. கண்காட்சி வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கு இன்னும் மனவருத்தம். பெற்றோர் வந்து பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த முறை பிள்ளைகளை விடமாட்டார்கள் என்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கடைசி நாள் பெற்றோரையும் ஒன்பது மணிக்கே வரச்சொல்லி, பிள்ளைகளோடு பாயில் இருத்தி ஓலை வாரக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

அறிவித்தல் பலகையில் ஒட்டப்போகும் கடதாசியில் கொண்டுவர வேண்டியவை என்ற இடத்தில் எழுதியிருப்பது: ஒரு கிழமை உறைகள், கிழிந்த நூற்சேலை அல்லது பழைய ரீசேட், வீட்டில் இருந்தால் ஒரு கத்தரிக்கோல். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், எதையும் வாங்க வேண்டாம், வீட்டில் இல்லாவிட்டால் வெறுங்கையோடு வரலாம் என்று. ஓலை நல்ல வெயிலில் சில நாள் காய வேண்டும், கடைசி நேரத்தில் வெட்டினால் வராது என்று ஆச்சி இப்போதே சொல்லிவிட்டார். மரம் ஏறுபவருக்கு நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.